தட்டல் அறுபது, பதில் அறுபது

நாள் 0 / 07:40 / வலம்புரி, செவ்வாய்ச் சுற்றுப்பாதை

எழுதுவது பிரிஸ்கில்லா மச்சாடோ, வலம்புரி கலத்தின் பொறியாளர், வயது முப்பத்து நான்கு, ஊர் தூத்துக்குடி. விதிப்படி இந்தக் குறிப்பின் ஒரு பிரதி இறங்குகலத்தின் நினைவிலும் சேரும். இரண்டு வருடம் கழித்து வரும் குழு அதை எடுத்துப் படிக்குமாம். வரும் குழுவுக்கு வணக்கம். சுவாரசியமாக ஒன்றும் இருக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இன்று மதியம் மங்கையர்க்கரசி தனியாகச் செவ்வாயில் இறங்குகிறார். ஐம்பத்திரண்டு வயது, பாறை ஆராய்ச்சி, அம்பாசமுத்திரத்துக்காரர். நான் அரசிக்கா என்றுதான் கூப்பிடுவேன். இந்த ஒரு இறக்கத்துக்காகப் பத்தொன்பது வருடம் வரிசையில் நின்றவர். கீழே நாற்பது நாள் துளையிட்டு மண் எடுப்பார். திரும்பி ஏறுவதற்கான எரிபொருளை இறங்குகலமே அங்குள்ள காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் தயாரித்துக்கொள்ளும். நாளுக்கு இரண்டரை சதவீதம். நூறு நிறையாமல் ஏற முடியாது. உள்ளே இருப்பவர்தான் அதைக் கிளப்பவும் முடியும்.

இரண்டேகால் மணிக்கு ஒருமுறை நான் அவர் தலைக்கு மேலே போவேன். அப்போது பதினொரு நிமிடம் பேசலாம். மற்ற நேரம் அவர் தனி, நான் தனி.

அவருக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது. இதயத்தின் மேலறை சொல்வது கீழறைக்கு எட்டுவதில்லை, பிறவிக் கோளாறு. இடது காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகிறது. பெட்டி தட்டும், இதயம் பதில் சொல்லும். வைத்து மூன்று வருடம் ஆகிறது. இந்தக் காலத்தில் இதற்காக யாரையும் பயணத்திலிருந்து நிறுத்துவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பெட்டி எனக்கு இரண்டு எண்களை அனுப்பும். இப்போது: தட்டல் 60, பதில் 60.

கலத்தில் கீரை வளர்க்கும் தட்டின் தண்ணீர்க் குழாயில் மறுபடியும் வழவழப்பாகப் பாசி. நான்கு நாளுக்கு முன்னால்தான் குத்தி எடுத்தேன். சனியன், திரும்ப வந்துவிட்டது.

இறங்குவதற்கு முந்தைய மருத்துவப் படிவம், நான் பார்த்து நிரப்பியது:
காய்ச்சல்: இல்லை. இரத்த அழுத்தம்: 124/78. பேஸ்மேக்கர்: சீர். தோல்: சாதாரணம். காயம்: இல்லை. கையொப்பம்: பி.ம.

நாள் 6 / 09:15

எரிபொருள் 15. தட்டல் 60, பதில் 60. துளை நான்கு மீட்டரைத் தாண்டிவிட்டது. அரசிக்கா சந்தோஷமாக இருக்கிறார். அவர் பேச்சைப் பதிவிலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"ஏட்டி பிரிசி, இங்க மண்ணு எப்படி இருக்கு தெரியுமா? நம்ம ஊருப் பக்கம் தேரிக்காட்டு மண்ணேதான். செவசெவன்னு கெடக்கு. இதப் பாக்கதுக்கா ஏழு மாசம் பிரயாணம் பண்ணி வந்தோம்? பஸ்ஸுல போயிருக்கலாம்."

தேரிக்காட்டில் மூச்சு விடலாம் அக்கா என்றேன். அதுவும் சரிதான் என்றார். முடிக்கும்போது தோளில் உடுப்பு வார் படும் இடத்தில் அரிக்கிறது என்றும் சொன்னார். குறித்துக்கொண்டேன்.

நாள் 9 / 11:30

எரிபொருள் 22. தட்டல் 60, பதில் 60.

"பெட்டி இருக்க எடத்துல கொஞ்சம் வீங்குன மாதிரி இருக்கு. செவந்தும் இருக்கு. வாரு உரசுதுல்லா, அதாத்தான் இருக்கும்."

படம் அனுப்பினார். பூமியிலிருந்து இதய மருத்துவர் ஹமீதா பேசினார். ஒரு செய்தி போக பதினான்கு நிமிடம், வர பதினான்கு நிமிடம்.

"அரசி அம்மா, போன ஒரு மாசத்துல அந்த இடத்துல அடி, கீறல், ஊசி ஏதாவது பட்டுச்சா? ரொம்பச் சின்னதா இருந்தாலும் சொல்லுங்க. பிரிஸ்கில்லா, நீங்களும் யோசிச்சுப் பாருங்க."

அரசிக்கா "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார். நானும் இல்லை என்று தட்டச்சு செய்து அனுப்பினேன். அப்படியானால் வார் உரசல்தான், பஞ்சு வைத்துக் கட்டுங்கள், சூடு வைக்காதீர்கள், அழுத்தாதீர்கள், மூன்று நாள் பார்ப்போம் என்றார் டாக்டர்.

நாள் 12 / 08:20

காய்ச்சல் 38.8. நடுக்கம். வீக்கம் எலுமிச்சம்பழ அளவு.

அரசிக்கா முந்தாநாளே இரண்டு காய்ச்சல் மாத்திரை போட்டு அமுக்கிவைத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. எதற்கு உங்களை எல்லாம் படுத்துவது என்றார். கோபம் வந்து கத்திவிட்டேன். பதினொரு நிமிடத்தில் இரண்டு நிமிடம் என் கத்தலில் போயிற்று.

டாக்டர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். இந்தத் தடவை அரசிக்காவே பதில் சொன்னார்.

"ஒரு ஊக்கு குத்திச்சு டாக்டர். எறங்குததுக்கு மூணு நாளு முன்னால. சேல கட்டும்போது நானே குத்திக்கிட்டேன். சின்னப் பொட்டு ரத்தம், அவ்வளவுதான். எறக்க மாட்டீயளோன்னு சொல்லல."

படிக்கிறவர்களுக்காக விளக்கம். பொங்கலுக்கு அம்பாசமுத்திரத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாழ்த்துச் சொல்லிப் படம் அனுப்ப வேண்டும் என்று அரசிக்கா ஒரு கைத்தறிச் சேலை கொண்டுவந்திருந்தார். எடை இல்லாத இடத்தில் சேலை சொன்னபடி கேட்காது. கொசுவம் ஒரு பக்கம், முந்தானை ஒரு பக்கம் மிதக்கும். பதினொரு ஊக்கு தேவைப்பட்டது. கூர்மையான சொந்தப் பொருளுக்குக் கலத்தில் அனுமதி கிடையாது. ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் கழுத்துச் செயினில் நாலைந்து ஊக்கைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பதை யாரும் ஆயுதம் என்று நினைப்பதில்லை. அவர் செயினில் ஆறு, என் செயினில் ஐந்து. நகை என்று எடை போட்டு அனுப்பிவிட்டார்கள்.

இருபத்தெட்டு நிமிடம் கழித்து டாக்டரின் பதில் வந்தது.

"இது படிவத்துல இருந்திருந்தா நான் அவங்களை இறக்கவே விட்டிருக்க மாட்டேன். சரி. இப்போ அதைப் பேசிப் பிரயோஜனம் இல்ல. கீழ இருக்கிற ஆன்டிபயாடிக் மாத்திரையை உடனே ஆரம்பிங்க."

நாள் 14 / 10:40

எரிபொருள் 35. காய்ச்சல் 39.4. மாத்திரை கேட்கவில்லை. ஊசி மருந்து வேண்டும். முப்பத்தாறு குப்பி இருக்கிறது, எல்லாம் என்னிடம், மேலே. கீழே ஒன்றுகூட இல்லை. இந்தப் பட்டியலைப் போட்ட மகராசன் யாரென்று தெரியவில்லை. நானூறு கிலோமீட்டர் தொலைவில் மருந்தை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வானிலை பார்க்க மேலிருந்து போடும் ஆய்வுப் பந்து ஒன்று மிச்சம் இருக்கிறது. உள்ளே இருந்த கருவிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, குப்பிகளை என் காலுறைகளில் சுற்றி அடைத்தேன். தூள் மருந்து, குளிரில் கெடாது. (13:10) 12:55 சுற்றில் போட்டேன். இறங்குகலத்திலிருந்து பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது. இதைவிடக் கிட்டே என்னால் போட முடியவில்லை.

நாள் 15 / 15:05

39 டிகிரி காய்ச்சலோடு, இறங்குகலத்தோடு போன வண்டியை ஓட்டிக்கொண்டு போய் எடுத்துவந்துவிட்டார். போக மூன்று மணி, வர மூன்று மணி. இரண்டு சுற்று அவர் குரல் வரவில்லை. எண்கள் மட்டும் வந்தன. தட்டல் 60, பதில் 60. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் சுற்றில்:

"பதினாலு ஒடஞ்சு போச்சு. இருவத்திரண்டு முழுசா இருக்கு. ஏட்டி, காலுறையத் தொவைச்சு அனுப்பப்படாதா?"

அழுதேன். எழுதுவதில் வெட்கமில்லை.

நாள் 18 / 09:50

எரிபொருள் 45. காய்ச்சல் 37.4. தட்டல் 60, பதில் 60. வீக்கம் பாதியாகக் குறைந்திருக்கிறது. அரசிக்கா உப்புமா சாப்பிட்டார், அதைப் பற்றி நான்கு நிமிடம் குறை சொன்னார். இவ்வளவு நல்ல சுற்று இதுவரை வந்ததில்லை.

டாக்டர் ஹமீதா என்னிடம் மட்டும் பேசிய பதிவு:

"பிரிஸ்கில்லா, சந்தோஷப்படுங்க, ஆனா ஏமாந்துடாதீங்க. கிருமி பெட்டி மேலயும் கம்பி மேலயும் ஒட்டிக்கிட்டு மேல ஒரு வழவழப்பான படலம் கட்டிக்கும். தண்ணிக் குழாயில பாசி பிடிக்கிற மாதிரி. மருந்து ரத்தத்துல இருக்கிறதைக் கொல்லும், படலத்துக்குள்ள போகாது. மருந்தை நிறுத்தினா திரும்ப வரும். பெட்டி, கம்பி ரெண்டையும் வெளியே எடுத்தாத்தான் தீரும். எடுத்தா அவங்க இதயம் தானா துடிக்காது. தோலுக்கு வெளியே இருந்து துடிக்கவைக்கிற கருவி உங்க கலத்துலதான் இருக்கு. அவங்க மேல வந்தாகணும். அறுக்க வேண்டியது நீங்கதான். நான் சொல்லித் தர்றேன்."

நான் அறுக்க வேண்டும். இதுவரை மீன் மட்டும்தான் அறுத்திருக்கிறேன். பரவாயில்லை, கற்றுக்கொள்கிறேன். அவர் மேலே வரட்டும்.

கீரைத் தட்டுக் குழாயைத் திறந்து பார்த்தேன். பாசி. விரலால் தடவினேன், வழுக்கியது. தட்டை மொத்தமாகப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டேன். இனிமேல் கீரை வேண்டாம்.

நாள் 23 / 08:35

எரிபொருள் 57. நேற்றோடு குப்பி தீர்ந்தது. காய்ச்சல் 39.6. இருமல். கம்பியில் கட்டியிருப்பது துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து நுரையீரலுக்குப் போகிறது என்கிறார் டாக்டர். அரசிக்கா துளையிடுவதை இன்னும் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொன்னதற்கு:

"சும்மா படுத்தா மட்டும் கொறஞ்சிருமா? எட்டு மீட்டரு வந்துட்டேன். களிமண்ணு வருதுட்டி. தண்ணி கெடந்த எடம். பத்தொம்போது வருசமாச் சொன்னேன், ஒருத்தனும் நம்பல."

களிமண் படத்தை அனுப்பினார். படம் ஆடியிருந்தது. நல்ல களிமண். வேறு ஒரு நாளாக இருந்தால் இருவரும் ஆடியிருப்போம்.

நாள் 25 / 13:10

எரிபொருள் 62. நூறு நிறைய இன்னும் பதினைந்து நாள். டாக்டர் அவருக்குத் தரும் கெடு ஐந்தோ ஆறோ நாள்.

நான் கீழே இறங்கி வந்தால் அவர் ஏற வேண்டிய உயரம் குறையும். கணக்குப் போட்டேன், நான்கு தடவை போட்டேன். வலம்புரியை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தினால் 77 சதவீதம் போதும். பூமிக்குத் திரும்பும் எரிபொருளில் விளிம்புவரை செலவாகும். அனுமதி கேட்டேன். மறுப்பார்கள், மறுத்தாலும் செய்வேன் என்று பதிலைக்கூட எழுதி வைத்திருந்தேன். ஒரே மணி நேரத்தில் சரி என்று சொல்லிவிட்டார்கள். யாரோடாவது சண்டை போட முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் எதிரே இல்லை.

77 என்றால் நாள் 31. அந்த இயந்திரம் நாளுக்கு இரண்டரைக்கு மேல் தராது. திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கீழே சாமான் அறையின் வெப்பக் கருவியை நிறுத்தி மின்சாரம் முழுவதையும் அதற்குத் திருப்பினேன். இரண்டரைதான்.

நாள் 26 / 09:00

வலம்புரியைத் தாழ்த்தியாயிற்று. இப்போது அவர் இருக்கும் பள்ளத்தாக்கு கண்ணுக்குத் தெரிகிறது. தொலைநோக்கியில் இறங்குகலம் ஒரு வெள்ளைப் பொட்டு. சுற்றுக்கு ஆறு நிமிடம்தான் பேச முடிகிறது. கிட்டே போகப் போகப் பேச்சு குறைகிறது, கணக்கு அப்படி.

நாள் 28 / 11:20

எரிபொருள் 70. காய்ச்சல் 40.1. தட்டல் 60, பதில் 58. முதல் தடவையாக இரண்டு எண்களும் ஒன்றாக இல்லை.

அரசிக்கா பேசியது முழுவதும்:

"பிரிசி, இருக்கியா? கேக்குதா? களிமண்ண டப்பாவுல போட்டு மூடிட்டேன். பேரு எழுதியிருக்கேன். இன்னொண்ணு. நான் சொன்னத மாத்தாத. நானேதான் குத்திக்கிட்டேன். அப்படியே கெடக்கட்டும். நான் செத்தவ கணக்கு, என்னைய எவன் என்ன செய்ய முடியும்? நீ சின்னப்புள்ள, இன்னும் பறக்கணும். ஊக்குக் கதைய வச்சு உன்னயத் தரையில உக்காத்தி வச்சிருவானுவ. கேட்டியா? எழுதாத."

நீங்கள் மேலே வருவீர்கள், மூன்று நாள்தான், நீங்களே வந்து சொல்லுங்கள் என்றேன். சிரித்தார், இருமினார். கத்தி, நூல், கையுறை எல்லாம் எடுத்து மேசையில் வரிசையாகக் கட்டி வைத்திருக்கிறேன்.

நாள் 29

08:05. தட்டல் 60, பதில் 55. குரல் இல்லை. மைக் திறந்திருக்கிறது. மூச்சு கேட்கிறது.

10:10. தட்டல் 60, பதில் 47. அரசிக்கா என்று கூப்பிட்டேன். ஆறு நிமிடமும் கூப்பிட்டேன். ஒரு தடவை "ம்" என்றார்.

12:15. டாக்டர் கேட்டுக்கொண்டபடி தட்டலின் வேகத்தையும் பலத்தையும் இங்கிருந்தே ஏற்றினேன். அதுவரைக்கும் அனுமதி உண்டு. தட்டல் 80, பதில் 31. எரிபொருள் 72. ஐந்து சதவீதம்தான் குறைகிறது.

14:20. தட்டல் 80, பதில் 12. மூச்சு கேட்கிறதா, காற்று இயந்திரமா என்று தெரியவில்லை.

16:25. தட்டல் 80, பதில் 0.

18:30. தட்டல் 80, பதில் 0.

நாள் 31 / 10:00

எரிபொருள் 77. ஏறலாம்.

நாள் 36 / 09:40

குறிப்பு எழுதவில்லை என்று பூமியிலிருந்து நினைவூட்டல். அதனால் எழுதுகிறேன். தட்டலை 60-க்கு இறக்கினேன். அதை மொத்தமாக நிறுத்த வேண்டும் என்று கேட்டேன். டாக்டர் ஹமீதாவின் பதில்:

"முடியாதும்மா. வேகத்தை மாத்தலாம், நிறுத்த முடியாது. உயிரோட இருக்கிறவங்க கருவியை யாரும் தூரத்துல இருந்து நிறுத்திடக் கூடாதுன்னு அப்படித்தான் செஞ்சிருக்காங்க. பெட்டியைப் படிக்கிற ரீடரைக் கிட்டத்துல, நெஞ்சு மேல வச்சாத்தான் நிக்கும். அந்த எண்களை நீங்க பாத்துக்கிட்டு இருக்காதீங்க. ரிசீவரை அணைச்சு வைங்க."

அணைக்கவில்லை. நான் மேலே போகும் ஒவ்வொரு தடவையும் அவர் நெஞ்சுக்குள்ளிருந்து அது எனக்குச் செய்தி அனுப்புகிறது. தன் வேலையை ஒழுங்காகச் செய்வதாகச் சொல்கிறது.

நாள் 41 / 07:40

இன்று மதியம் பூமிக்குத் திரும்புகிறேன். தாழ்த்தியதில் போனது போக எரிபொருள் மட்டுமட்டாக இருக்கிறது. போய்ச் சேரலாம், சேராமலும் போகலாம். அதனால் இதை இப்போதே இறங்குகலத்துக்கு அனுப்பி வைக்கிறேன்.

வரும் குழுவுக்கு. களிமண் டப்பா மூன்றாம் அலமாரியில் இருக்கும், அவர் பெயர் எழுதியிருக்கும். அது அவர் கண்டுபிடிப்பு, வேறு யார் பெயரும் அதில் சேரக் கூடாது. ரீடர் கட்டிலுக்கு வலப்பக்கப் பெட்டியில் இருக்கிறது. அவரை வேறு எதுவும் செய்வதற்கு முன்னால் ரீடரை அவர் நெஞ்சில் வைத்துத் தட்டலை நிறுத்துங்கள். தயவுசெய்து அதை முதலில் செய்யுங்கள்.

நாள் 12-ல் நான் எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. அரசிக்கா தானே குத்திக்கொண்டதாக அவர் சொன்னபோது நான் லைனில் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. முந்தானையைத் தோளில் சேர்த்துக் குத்தியது நான். அவர் மிதந்து திரும்பினார், ஊக்கு ரவிக்கையைத் தாண்டி இறங்கி, கடினமான எதிலோ முட்டி நின்றது. பெட்டி அது. எனக்குக் கையில் தெரிந்தது. இருவரும் சிரித்தோம். அது என் செயினில் இருந்த ஊக்கு. முந்தின நாள் கீரைத் தட்டுக் குழாயில் பாசி குத்தி எடுத்ததும் அதே ஊக்குதான். சட்டையில் துடைத்துச் செயினில் மாட்டிக்கொண்டேன். இதை ஒருநாளும் அவரிடம் சொல்லவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை. நாள் 9-ல் டாக்டர் கேட்டபோது சொல்லியிருந்தால் மூன்று நாள் முன்னதாக மருந்து இறங்கியிருக்கும். நாள் 0-ல் எழுதியிருந்தால் அவர் இன்று என் பக்கத்தில் உட்கார்ந்து உப்புமாவைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

எழுதாதே என்றார். மன்னித்துவிடுங்கள் அக்கா.

இறங்குவதற்கு முந்தைய மருத்துவப் படிவம், திருத்தியது:
காய்ச்சல்: இல்லை. இரத்த அழுத்தம்: 124/78. பேஸ்மேக்கர்: சீர். தோல்: இடது காறையெலும்புக்குக் கீழே ஊக்குக் குத்து ஒன்று. காயம்: உண்டு. குத்தியவர்: பிரிஸ்கில்லா மச்சாடோ. கையொப்பம்: பி.ம.

09:45. கடைசிச் சுற்று. தட்டல் 60, பதில் 0. கருவி: சீர். பேட்டரி மீதம்: ஒன்பது வருடம், இரண்டு மாதம்.